மூடியை யாரு தொறக்கணும்

"ஓடுது ஆசானே! ஓடுத புரோகிராமை எதுக்குப் புடிச்சு நிப்பாட்டி வச்சிருக்க?"

ஜெபசிங் அண்ணாச்சி கதவைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. சட்டையில பித்தான் மாறிக் கிடக்கு. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு.

பெர்சிஸ் திரும்பிக்கூடப் பாக்கல.

"ஓடுது அண்ணாச்சி. யாரை யாரை விட்டுட்டு ஓடுதுன்னுதான் தெரியல."

"யாரையும் விடல!"

"அப்படியா?"

"அப்படித்தான்!"

இவுக ரெண்டு பேரும் யாருன்னு சொல்லிருதேன். இல்லேன்னா கதை பாதியில நின்னுரும்.

சிப்பிமுனை துறைமுகத்துக்கு எதிர்த்தாப்ல, வலைக்கடை மாடியில எங்க ஆபீஸ். காத்து எச்சரிக்கை வந்துச்சுன்னா ஒரே பட்டன். அமுக்கினா ஊரு பூராவும் கடலு பூராவும் சேதி போயிரணும். அப்படி ஒரு புரோகிராம் எழுதிக்கிட்டு இருந்தோம். பட்டன் வரையுதது நான். மத்ததெல்லாம் இவுக ரெண்டு பேரு.

பெர்சிஸ் வயசுல சின்னவ. அண்ணாச்சி முடி நரைக்க ஆரம்பிச்சப்ப அவ காலேஜுக்கே போகல. ஆனா அவ சரின்னு சொல்லாம ஒத்த வரி வெளிய போவாது. அதனால அவளை ஆசான்னு கூப்பிட்டோம். முதல்ல கிண்டலுக்குத்தான். பெறவு அதுவே நெலச்சுப் போச்சு.

அண்ணாச்சி பழைய கை. என்ன ஏதுன்னு கேக்காத கம்ப்யூட்டர் மொழியிலயே காலம் பூரா எழுதினவரு. எதை வேணாலும் எதுக்குள்ள வேணாலும் போடலாம், அது பாட்டுக்கு வாங்கிக்கிடும். இந்தப் புது மொழி அப்படி இல்ல. இதுல என்ன வகை வரும்னு முன்கூட்டியே சொல்லணும். சொன்னதை விட்டு வேற எதையாவது போட்டா, ஓடுததுக்கு முந்தியே கம்பைலர் வாசிச்சுப் பாத்துட்டுச் செவப்புக் கோடு போட்டுரும். அதைப் பெர்சிஸ்கிட்டதான் அவரு படிச்சுக்கிட்டு இருந்தாரு.

அன்னைக்கு நாலு மணிக்கு விசைப்படகுச் சங்கத்துக்காரங்க முன்னாடி சோதனை. முந்தின சோதனையில புரோகிராம் நடுவுல கவுந்து விழுந்து, அவனுக சிரிச்சிட்டுப் போயிட்டானுக. இந்தத் தடவையும் விழுந்தா பழையபடி ஒவ்வொரு போட்டையும் வயர்லெஸ்ல கூப்பிட்டுச் சொல்லிக்கிடுதோம்னு கறாராச் சொல்லிட்டானுக.

அண்ணாச்சிக்கு அது தாங்காது. அவரு தம்பி ஐசக், எபிநேசர்ங்கிற போட்டுல ஓடுதவன். போன ஐப்பசியில காத்து எடுத்தப்ப, ஒவ்வொரு போட்டாக் கூப்பிட்டுச் சொல்லி முடிக்கதுக்குள்ள ஐசக் மாட்டிக்கிட்டான். கயித்தால தன்னையே கட்டிப் போட்டுக்கிட்டுக் கிடந்து, விடிஞ்ச பெறவு வந்து சேந்தான். ராப்பூரா அண்ணாச்சி கரையிலயே நின்னாரு. இந்தப் புரோகிராமை அவரு தொட்டதே அதுக்குப் பெறவுதான்.

இன்னைக்கும் ஐசக் கடல்லதான் கிடக்கான். செல்போன் எட்டாத தூரம். வயர்லெஸ் மட்டுந்தான்.

"சரி, என்ன தப்பு? வாயைத் தொறந்து சொல்லு ஆசானே."

"'அறிவி'ன்னு சேதி அனுப்புத துண்டு ஒண்ணு எழுதிக் குடுத்தேன்ல, அதுக்கு என்ன குடுத்தீக?"

"ஒரு வரிசை குடுத்தேன்."

"வரிசையில என்ன இருக்கு?"

"போன் இருக்கு. துறைமுகச் சைரன் இருக்கு. கோயில் ஸ்பீக்கர் இருக்கு. போட்டு வயர்லெஸ் இருக்கு. எல்லாந்தான் இருக்கு! எல்லாருக்கும் சொல்லத்தானே பட்டனு?"

அங்கதான் சிக்கல். பெர்சிஸ் எழுதின 'அறிவி' எந்த வகை வரிசையையும் வாங்கிக்கிடும். போன் வரிசையா, சரி. சைரன் வரிசையா, சரி. ஆனா வரிசை பூராவும் ஒரே வகையா இருக்கணும். கலந்து குடுத்தா, இது என்ன வகைன்னு கம்பைலர் கேக்கும்.

"கேட்டுச்சு," அண்ணாச்சி மேசையில தட்டினாரு. "சவம், போன வாரம் விடிய விடியக் கேட்டுச்சு. என்ன வகை, என்ன வகைன்னு உசுரை வாங்கிட்டு. 'எது வேணாலும்'னு ஒரு வகை இருக்குல்லா? அதை எழுதினேன். கப்சிப்!"

"பெறவு?"

"பெறவு என்ன? 'அறிவி'க்குள்ள புகுந்து நானே கேட்டுக்கிட்டேன். நீ போனா? நம்பரை எடு, அனுப்பு. நீ சைரனா? சுவிட்சைப் போடு. நீ ஸ்பீக்கரா? சத்தத்தைக் கூட்டு, பேசு. நீ வயர்லெஸ்ஸா? அலைவரிசையைத் திருப்பு."

"இதுல எதுவுமே இல்லேன்னா?"

"தெரியாததுன்னா தாண்டிப் போயிருன்னு எழுதியிருக்கேன்!" அண்ணாச்சி நெஞ்சை நிமித்தினாரு. "போன தடவை தெரியாதது எதையோ தொட்டுத்தானே கவுந்துச்சு? இனி கவுழாது. போன வாரம் கரையில எல்லாத்தையும் அமத்திட்டுச் சத்தங்காட்டாம ஒரு சோதனை விட்டேன். பச்சை! தலையிலருந்து வால் வரைக்கும் பச்சை!"

பெர்சிஸ் அவரை ஒரு நிமிசம் பாத்தா. லேப்டாப்பை மூடினா.

"அண்ணாச்சி, பசிக்குதா?"

"என்னது?"

"கோயில்ல இன்னைக்கு அசனம். வாங்க."

"நாலு மணிக்குச் சோதனை! உனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"இப்பம் உச்சிப் பொழுதுதான் ஆகுது. வாங்க."

அவ படியிறங்கிட்டா. அண்ணாச்சி என்னையப் பாத்தாரு. நான் கூரையைப் பாத்தேன். அவரு முணுமுணுத்துக்கிட்டே பின்னால போனாரு. கறிக்குழம்பு வாசனை மாடி வரைக்கும் வந்துச்சு. அதனால நானும் போனேன்.

அசனம்னா எங்க ஊருக்கு வருசத்துல ஒரு நாளு. கோயில் வளாகத்துல அண்டா அண்டாவா ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் வேகும். ஊரே சாப்பிடும். வீட்டுல கிடக்கவுகளுக்குப் பாத்திரத்துல வாங்கிட்டும் போவாக.

அதுக்கு எங்க ஊர்ல ஒரு முறை உண்டு. வாசல்ல கமிட்டிக்காரர் ஒருத்தர் தண்ணி வாளியோட நிப்பாரு. கொண்டு வந்த பாத்திரத்துல ஒரு செம்புத் தண்ணி ஊத்துவாரு. தூக்கிப் பிடிச்சு அடியைப் பாப்பாரு. ஒழுகலேன்னா உள்ள. ஒழுகிச்சுன்னா வேற பாத்திரம் எடுத்துட்டு வா. ஒரு வருசம் குழம்பு ஒழுகித் தரை வழுக்கி, அண்டா தூக்கினவரு விழுந்து கால் வெந்துபோச்சு. அதுலருந்து இந்த முறை.

நாங்க போனப்ப வாசல்ல ஒரே சண்டை.

"எம் பேரு ஊருக்கே தெரியும் வே! எம் பாத்திரத்துல தண்ணி ஊத்திப் பாக்கீரா?"

"பேரு தெரியும். பாத்திரம் தெரியாது. தூக்கும்."

தூக்கினாரு. சொட்டு சொட்டுன்னு ஒழுகுது. அந்த ஆளு மூஞ்சி தொங்கிப் போச்சு. திரும்பி நடந்துட்டாரு.

"நல்ல நாளு அதுவுமா எதுக்கு இந்த மனுசன் எல்லாரையும் இப்படிப் படுத்துதாரு?" அண்ணாச்சி சலிச்சுக்கிட்டாரு.

பெர்சிஸ் நேரா அண்டாகிட்ட போனா. ஊத்திக்கிட்டு இருந்தவருகிட்ட அகப்பையைக் கேட்டு வாங்கினா. அண்ணாச்சி கையில குடுத்தா.

"ஊத்துங்க."

"நானா?"

"நீங்கதான். ஆனா ஒண்ணு. நீங்க புரோகிராம்ல எப்படி எழுதியிருக்கீகளோ, அதே மாதிரி. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"அப்படின்னா?"

"வார பாத்திரத்தை நீங்களே கையில வாங்கணும். என்ன பாத்திரம்னு கேக்கணும். மூடியை நீங்களே தொறக்கணும். ஊத்தணும். நீங்களே மூடணும். குடுக்கணும்."

"இதென்ன விளையாட்டு?"

"விளையாட்டுதான். ஊத்துங்க."

வரிசை வாசல் வரைக்கும் நிக்கு. எல்லாரும் பசியில நிக்காக.

முதல் ஆளு தூக்குவாளி நீட்டினாரு. அண்ணாச்சி அதை வாங்கினாரு.

"இது என்ன? தூக்குவாளியா?"

"பாத்தா தெரியலையா வே?"

மூடியைத் திருகினாரு, ஊத்தினாரு, மூடினாரு, குடுத்தாரு. திரும்பிப் பெர்சிஸைப் பாத்துச் சிரிச்சாரு. பாத்தியாங்கிற மாதிரி.

அடுத்தது டிபன் கேரியர். "இது என்ன? கேரியரா?" கொண்டியைத் தூக்கினாரு. வெரல் நசுங்கிச்சு. "ஆத்தீ!"ன்னு ஒரு சத்தம். அடுக்கை ஒவ்வொண்ணாப் பிரிச்சாரு. எதுல ஊத்தணும்னு தெரியாம மேல் அடுக்குல ஊத்திட்டாரு.

"அது சோத்துக்கு வே! அடி அடுக்குல்லா குழம்புக்கு!"

திரும்பக் கொட்டி, திரும்ப ஊத்தி, அடுக்கைச் சேத்து, கொண்டியைப் போட்டாரு. வேர்த்துக் கொட்டுது. வரிசையில பின்னால இருந்து ஒரு சத்தம்: "உள்ள என்ன நடக்கு? சமையலா பண்ணுதாக?"

அடுத்தது ஒரு பிளாஸ்க். மூடியை இடதுபக்கம் திருகுதாரு, வலதுபக்கம் திருகுதாரு, வர மாட்டேங்கு. பிளாஸ்குக்காரி கையை இடுப்புல வச்சுக்கிட்டுப் பாத்தா.

"அமுக்கித் திருகணும் மாமா. குடுங்க, நான் தொறக்கேன்."

"குடுக்கக் கூடாது!" பெர்சிஸ் சொன்னா. "அவுகதான் தொறக்கணும்."

"ஏன்?"

"அவுக அப்படித்தான் எழுதியிருக்காக."

பிளாஸ்குக்காரி அண்ணாச்சியை மேலயும் கீழயும் பாத்தா. அண்ணாச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டு மூடியோட மல்லுக்கட்டினாரு. ஒரு வழியாத் தொறந்துச்சு.

வரிசை நகரவே இல்ல. ஆளாளுக்குக் கத்த ஆரம்பிச்சாச்சு. அகப்பைக்காரர் பெர்சிஸ் காதுகிட்ட குனிஞ்சு, "எம்மா, நான் ஊத்தட்டுமா? ஊரு கொந்தளிக்கு"ன்னாரு. கொஞ்சம் பொறுங்கன்னு கை காட்டினா.

அப்பதான் அந்த அம்மா வந்தாக. கையில ஒரு பிரஷர் குக்கர்.

அண்ணாச்சி வாங்கினாரு. திருப்பிப் பாத்தாரு. கைப்பிடியை இழுத்தாரு. மூடி அசையல. வெயிட்டைப் புடிச்சு இழுத்தாரு, அது கையோட வந்துட்டு. மூடி அப்படியே கிடக்கு.

"இதுக்கு நான் எழுதவே இல்லையே," தனக்குத்தானே சொன்னாரு.

"வாளி இல்லையா?" பெர்சிஸ் கேட்டா.

"இல்ல."

"கேரியர் இல்லையா?"

"இல்ல."

"பிளாஸ்க்கும் இல்ல. அப்ப என்ன எழுதியிருக்கீக?"

அண்ணாச்சி குக்கரை இன்னொரு தடவை திருப்பிப் பாத்தாரு.

"சொல்லுங்க அண்ணாச்சி. வரிசை நிக்குல்லா."

"தெரியாததுன்னா..." தொண்டையைக் கனைச்சாரு. "தாண்டிப் போயிருன்னு."

"அப்ப தாண்டுங்க."

"ஆசானே..."

"தாண்டுங்க. பச்சைதானே?"

அண்ணாச்சி குக்கரைத் திருப்பிக் குடுத்தாரு. வெறும் குக்கரை. அந்த அம்மா மூஞ்சியைப் பாக்காம அடுத்த ஆளுகிட்ட கையை நீட்டினாரு.

"இந்தா!" அந்த அம்மா போட்ட சத்தத்துல வளாகமே திரும்பிச்சு. "என்ன, எனக்கு இல்லையா? எம் புள்ள வீட்டுல காய்ச்சலாக் கிடக்கு. இந்தச் சோத்துக்குத்தான் காலையிலருந்து கண்ணை முழிச்சுக்கிட்டுக் கிடக்கு. நான் என்ன ஓட்டைப் பாத்திரமா கொண்டாந்தேன்? வாசல்ல தண்ணி ஊத்திப் பாத்துல்லா விட்டாக! கூறுகெட்ட மனுசன்!"

"இல்லம்மா, இது எப்படித் தொறக்கதுன்னு..."

"உம்மைத் தொறக்கச் சொன்னது யாரு வே?"

வெடுக்குன்னு குக்கரைத் தன் பக்கம் இழுத்தாக. மூடியை ஒரு அமுக்கு, ஒரு திருப்பு. சரக்குன்னு எடுத்துட்டாக. வாயைத் தொறந்த குக்கரை அகப்பைக்கு நேரா நீட்டினாக.

"ஊத்தும்! அதுதானே உமக்கு வேலை?"

அண்ணாச்சி ஊத்தினாரு.

அவ்வளவுதான். அப்படியே நின்னுட்டாரு. அகப்பை கையில தொங்குது. வரிசையைப் பாத்தாரு. பின்னால நிக்கவுக ஒவ்வொருத்தரா மூடியைத் தொறந்து கையில வச்சுக்கிட்டு நிக்காக. ஒருத்தன் வாளியை நீட்டிக்கிட்டு நிக்கான். ஒரு பொண்ணு கொண்டியைத் தூக்கி அடி அடுக்கை எடுத்து நீட்டிக்கிட்டு நிக்கு.

அண்ணாச்சி ஒரு அகப்பை ஊத்தினாரு. அடுத்த ஆளு. ஊத்தினாரு. அடுத்த ஆளு. கேள்வியும் கிடையாது, திருகலும் கிடையாது. மடமடன்னு வரிசை நகருது. அவரு சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. சின்னப் புள்ள மாதிரிச் சிரிப்பு.

"ஆசானே! ஆசானே! நான் எல்லாத்துக்கும் மூடியைத் தொறந்துக்கிட்டுக் கிடக்கேன்!"

"ஆமா அண்ணாச்சி."

"நான் எதுக்குத் தொறக்கணும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன்."

"நீ எங்க கேட்ட? நீ குழம்புல்லா ஊத்தச் சொன்ன!"

அகப்பையை என் கையில திணிச்சாரு. வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. ஓடினாரு. வாசல்ல கமிட்டிக்காரர் மேல இடிச்சு, அவரு வாளித் தண்ணியில பாதி கொட்டிட்டு. நின்னு மன்னிப்புக் கேக்கக்கூட நேரமில்ல மனுசனுக்கு.

நான் போட்டுட்டு ஓட முடியுமா? அண்டா காலியாகுத வரைக்கும் நான்தான் ஊத்தினேன். கறி ஒரு துண்டு மிஞ்சல.

நான் ஆபீசுக்குப் போனப்ப அவரு தட்டுத தட்டுல கீபோர்டு கதறுது. பெர்சிஸ் பின்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னா.

'அறிவி'க்குள்ள இருந்த கேள்வியெல்லாம் அழிச்சுட்டாரு. நீ போனா, நீ சைரனா, ஒண்ணும் கிடையாது. சேதி வந்தா போன் என்ன செய்யணும்னு போன்கிட்டயே எழுதி வச்சாரு. சைரனுக்குச் சைரன்கிட்ட. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர்கிட்ட. வயர்லெஸ்ஸுக்கு வயர்லெஸ்கிட்ட. எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பேரு வச்சாரு: 'சேதிவாங்கி'. வரிசைக்கு மேல 'எது வேணாலும்'னு இருந்ததை அழிச்சுட்டு, 'சேதிவாங்கி'ன்னு போட்டாரு.

"நாளைக்குக் கலங்கரை விளக்கத்தைச் சேக்கணும்னா?" நான் கேட்டேன்.

"அதுக்குச் சேதி வாங்கத் தெரிஞ்சா உள்ள வரட்டும்! நான் 'அறிவி'யைத் தொடவே மாட்டேன்!" கத்தினாரு. "பாருலே! எவ்வளவு நீளமா எழுதி வச்சிருந்தேன், இப்பம் பாரு! உள்ளங்கை அகலம்கூட இல்ல!"

"கம்பைலருக்குக் குடுங்க," பெர்சிஸ் சொன்னா.

குடுத்தாரு.

செவப்பு.

ஒரே ஒரு வரி.

"பாத்தியா! பாத்தியா!" நாற்காலியைத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சாரு. "எல்லாம் ஒழுங்கா எழுதியாச்சு, இப்பமும் விட மாட்டேங்கு! நாலு மணிக்கு ஆளு வந்துருவாக! போன வாரம் பச்சை காட்டின இதே வரிசைக்கு இப்பம் என்ன கேடு? நான் திரும்பவும் 'எது வேணாலும்' போடப் போறேன்!"

"வாசிங்க."

"என்னத்த வாசிக்க?"

"அது என்ன சொல்லுதுன்னு வாசிங்க அண்ணாச்சி. இவ்வளவு நாளா ஒரு தடவையாவது வாசிச்சிருக்கீகளா?"

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைச் சரிபண்ணிக் குனிஞ்சாரு.

அது சொன்னது இதுதான்: இந்த வரிசையில இருக்க எல்லாத்துக்கும் சேதி வாங்கத் தெரியுது. இந்த ஒண்ணுக்கு மட்டும் தெரியாது. இது வயர்லெஸ் இல்ல, வெறும் பேரு.

அந்தப் பேரு: எபிநேசர்.

அண்ணாச்சி மெல்ல உக்காந்தாரு.

"ஐசக்குக்குப் புது வயர்லெஸ் செட்டு மாத்தினோம்லா," தரையைப் பாத்துக்கிட்டே பேசினாரு. "அதோட நம்பர் அப்பம் வரல. வந்ததும் போட்டுக்கிடலாம்னு போட்டு பேரை மட்டும் எழுதி வச்சேன். மறந்தே போனேன்."

"போன வாரம் சோதனையில..." நான் ஆரம்பிச்சேன். முடிக்கல.

அந்தப் பேரு போன் இல்ல. சைரன் இல்ல. ஸ்பீக்கர் இல்ல. வயர்லெஸ்ஸும் இல்ல. அதனால 'அறிவி' அதைத் தாண்டிப் போயிட்டு. பச்சை காட்டிட்டு.

பெர்சிஸ் அவரு பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டா.

"எனக்கும் இது தெரியாது அண்ணாச்சி. சத்தியமாத் தெரியாது. நான் பொதுவாத்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அண்ணாச்சி அந்தச் செவப்புக் கோட்டைத் தொட்டாரு. திரையில வெரலை வச்சு, அந்தப் பேரு மேல ஒரு தடவை தடவினாரு. பெறவு மூக்கை உறிஞ்சிட்டு, நம்பர் இருக்க தாளை டிராயருக்குள்ள தேடினாரு. பெர்சிஸ் எடுத்துக் குடுத்தா. பேரை அழிச்சாரு. வயர்லெஸ்ஸை எழுதினாரு. கம்பைலருக்குக் குடுத்தாரு.

அது ஒண்ணும் சொல்லல.

"ஏதாவது சொல்லேன்," அதைப் பாத்துக் கெஞ்சினாரு. "வேற எதுவும் இல்லையா? நல்லாப் பாத்தியா?"

நாலு மணிக்குச் சங்கத்துக்காரங்க மாடிப்படியெல்லாம் அடைச்சுக்கிட்டு நின்னாங்க. அசனம் சாப்பிட்ட களைப்பு ஒருத்தன் மூஞ்சியிலயும் இல்ல, போன தடவை சிரிச்ச சிரிப்புதான் இருந்துச்சு. "இன்னைக்கும் சர்க்கஸ் உண்டா?"ன்னு ஒருத்தன் கேட்டான். வெளிய கடல் கறுத்துக்கிட்டு வந்துச்சு. கொண்டல் காத்து எடுத்து ஜன்னல் கதவை அடிச்சுச்சு.

"நீயே அமுக்கு ஆசானே," அண்ணாச்சி சொன்னாரு.

"நீங்க எழுதினது. நீங்க அமுக்குங்க."

அமுக்கினாரு.

துறைமுகச் சைரன் ஊளையிட்டுச்சு! கோயில் ஸ்பீக்கர், "இது சோதனை, இது காத்து எச்சரிக்கைச் சோதனை"ன்னு கரகரத்துச்சு. படியில நின்னவன் ஒவ்வொருத்தன் சட்டைப் பையிலயும் போன் கத்துது. "ஏ, எனக்கு வந்துட்டு!" "எனக்கும்!" "அட, எம் பொண்டாட்டி போனுக்கும் வந்துட்டாம்!" சர்க்கஸ் கேட்டவன் தன் போனைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுதான்.

அண்ணாச்சி எதையும் கேக்கல. மேசை ஓரத்துல இருந்த வயர்லெஸ் பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

கரகரன்னுச்சு.

"பெத்தேல் கேக்குது."

விசில் பறந்துச்சு.

"சாரோன் கேக்குது, சாரோன் கேக்குது."

"ஒலிவமலை. நல்லாக் கேக்குது."

ஒவ்வொரு போட்டாப் பதில் வந்துச்சு. வர வர மாடியே அதிருது. அண்ணாச்சி மட்டும் கையை உசத்தி, "சத்தம் போடாதிய! சத்தம் போடாதிய!"ன்னு அதட்டினாரு.

பெட்டி அமைதியாயிட்டு.

"எபிநேசர்," அண்ணாச்சி மைக்கைப் புடிச்சாரு. "எபிநேசர். கேக்குதா?"

இரைச்சல் மட்டும் வந்துச்சு.

"எபிநேசர்! லே ஐசக்கு!"

பெர்சிஸ் என் தோளைப் புடிச்சா. நகம் பதிஞ்சுட்டு.

"எபிநேசர் கேக்குது. வலையை இழுத்துக்கிட்டு இருந்தேன். அண்ணே, நீயா?"

மாடி இடிஞ்சு விழுந்திருக்கணும், அப்படி ஒரு கூச்சல். சங்கத் தலைவரு அண்ணாச்சியை இடுப்போட சேத்துத் தூக்கிட்டாரு. பெர்சிஸ் ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா, சிரிச்சா. நான் எதுக்குன்னு தெரியாம மேசையைப் போட்டு அடிச்சேன்.

"கேட்டுச்சாலே? நல்லாக் கேட்டுச்சா?"

"காதே அடைச்சுட்டுண்ணே. போன வாரந்தான் எனக்கு வரல."

தலைவரு கையிலருந்து அண்ணாச்சி கீழ இறங்கிட்டாரு.

"என்ன சொன்ன?"

"போன வாரம் எல்லாப் போட்டுக்கும் ஒரு சோதனை வந்துச்சாம்லா? சாரோன்காரன் சொன்னான். எனக்கு மட்டும் வரல. நீ எழுதினதாச்சே, ராப்பகலாக் கண்ணு முழிச்சு எழுதுதியே, போயிக் குறை சொல்லணுமான்னு பேசாம இருந்துட்டேன்."

அண்ணாச்சி மைக்கை ரெண்டு கையாலயும் புடிச்சாரு.

"லே! வரலேன்னா சத்தம் போடணும்லே! அண்ணன்னு பாக்காத! எம் மூஞ்சிக்கு நேராச் சத்தம் போடு!"